அடுத்த வீட்டுக் கதவு

மூடிவிட்டு மறுபடி சோதித்தால் பச்சை வந்துவிடும். அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான். அண்ணியின் முகம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. முதலில் அலுவலகம், அப்புறம் அண்ணி. தன் மனசு போட்ட அந்த வரிசையை அவளால் பிற்பாடு எப்படியும் மாற்றிக்கொள்ள முடியவில்லை.

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் பாதி குடித்து மறந்த டீ ஆடை கட்டியிருந்தது. திரையில் நீளமான பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், ஒரு பச்சைப் புள்ளி, ‘மூடியிருக்கிறது’ என்ற சொல். பச்சையாகவே வந்துகொண்டிருந்த பட்டியலின் நடுவில் ஒரே ஒரு சிவப்பு. எட்டாயிரத்து எண்பது. திறந்திருக்கிறது.

அவள் ஒரு கம்பெனியில் ஃபயர்வால் பார்ப்பவள். இணைய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் போர்ட் என்று எண் போட்ட ஆயிரக்கணக்கான கதவுகள் உண்டு. அவற்றுக்கு முன்னால் நிற்கும் காவலாளிதான் ஃபயர்வால். எதைத் திறக்கலாம், யாருக்குத் திறக்கலாம் என்று அந்தக் காவலாளிக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. காவலாளி விழித்திருக்கிறானா என்று பார்க்க இணையத்தில் இலவசமாகவே பக்கங்கள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் வெளியே தெருவில் நின்றுகொண்டு, நம் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எது திறந்துகொண்டது என்று சொல்லும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்படிச் சோதித்து, வந்ததைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று போன வாரம் கம்பெனியில் ஒரு சுற்றறிக்கை போயிற்று. எழுதியவள் அவளேதான்.

எழுதி முடித்ததும் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டியிருந்தாள். எதையும் மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மனிதர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘கண்ணாடி’தான். அவர் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தார். சோதிக்கும் முன் கம்பெனி இணைப்பைத் துண்டிக்கவும். கம்பெனி வேலைக்கென்று ஒரு தனிப் பாதை இருக்கிறது. மடிக்கணினி அந்தப் பாதையில் இருக்கும்போது சோதித்தால், தட்டப்படுவது நம் வீட்டுக் கதவாக இருக்காது, கம்பெனியின் கதவாக இருக்கும்.

இதுகூடத் தெரியாமல் யாராவது செய்வார்களா என்று அவள் சிரித்தாள்.

“செய்வாங்க. அடுத்த வீட்டுக் கதவை ஆட்டிப் பாத்துட்டு, நம்ம வீடு பூட்டியிருக்குன்னு நிம்மதியா தூங்கற ஆளுங்க நிறையப் பேரு,” என்றார் கண்ணாடி.

இப்போது அவளுக்கு அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. தன் சிரிப்புதான். ஏதோ பக்கத்து அறையில் யாரோ சிரிப்பதுபோல் இருந்தது.

அந்த எண் எந்தக் கதவு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணியின் அறையில், அலமாரிமேல் உட்கார்ந்திருக்கும் கேமராவின் கதவு அது. மழை தொடங்கிய சமயத்தில் அவள் கையாலேயே திறந்தது.

அண்ணி அவள் கணவனின் அக்கா. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “கூட்டிக் கழிச்சுப் பாத்தேன், மீதி ஒண்ணும் நிக்கல” என்பார். பள்ளிக்கூடப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காலையில் நர்ஸம்மா வந்து உடம்பைத் துடைத்து, உடை மாற்றி, பிடித்து நடக்கவைத்துவிட்டுப் போவாள். அதன் பிறகு, இவள் அலுவலகம் போகிற நாட்களில், சாயங்காலம்வரை அண்ணி தனியாகத்தான். அப்படி ஒரு நாள் தண்ணீர் எடுக்க எழுந்தவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, இவர்கள் வேலை முடிந்து வரும்வரை அங்கேயே கிடந்தார். ஓடிப்போய்க் குனிந்த இவளிடம் அவர் கேட்ட முதல் வார்த்தை, “உடுப்பு சரியா இருக்கா பாரு” என்பதுதான்.

அண்ணி அப்படி. உடை மாற்றுவதென்றால் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, அதுவும் போதாமல் கதவின் சாவித்துளையில் கைக்குட்டையைச் சுருட்டிச் செருகச் சொல்வார். அந்த வீட்டில் சாவித்துளை வழியாகப் பார்க்க ஆள் கிடையாது என்று அவருக்கும் தெரியும். “இருக்கற ஓட்டையை அடைக்கிறதுல என்ன நஷ்டம்?” என்பார்.

கேமரா என்றதும் ஒரு வாரம் பிடிகொடுக்கவில்லை. பரீட்சை ஹாலில் காலமெல்லாம் பிள்ளைகளைக் கண்காணித்தவளை இப்போது ஒரு பெட்டி கண்காணிக்க வேண்டுமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் இறங்கிவந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பார்ப்பதாக இருந்தால் இவள் மட்டும் பார்க்க வேண்டும். தம்பிகூட வேண்டாம். தம்பியானாலும் ஆம்பளை.

அந்த நிபந்தனையைக் காப்பாற்றப் போய்த்தான் எல்லாம் வந்தது. கேமராவோடு வந்த செயலி வேண்டாம் என்று ஒதுக்கினாள். அதில் படம் எங்கோ வெளியூர்க் கம்பெனிக்குப் போய்த் திரும்பும், கணவன் போனிலும் வரும். அதற்குப் பதில் வீட்டு ஃபயர்வாலில் ஒரு கதவைத் திறந்து, தன் அலுவலகத்திலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடு, வேறு யார் தட்டினாலும் திறக்காதே என்று விதி எழுதினாள். எழுதினாளே தவிர, ‘மட்டும்’ என்பதற்கான சின்னக் கட்டத்தில் டிக் அடிக்க விட்டுப்போயிற்று. காவலாளிக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேர்ந்தது. திற. அவ்வளவுதான். வேறு யார் வரப்போகிறார்கள் என்று, பெட்டிமேலேயே அச்சடித்து வந்த கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்டாள்.

ஆனால் சோதித்தாள். அதுதான் அவளை இப்போது நாற்காலியிலிருந்து எழ விடாமல் செய்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதே மேஜையில், கம்பெனி வேலையை நடுவில் நிறுத்திவிட்டு, கம்பெனிப் பாதையில் இருந்தபடியே, இதே பக்கத்தைத் திறந்து சோதித்தாள். மேலிருந்து கீழ்வரை பச்சை. கம்பெனியின் கதவுகள். அவளே காவல் வைத்த கதவுகள், அதனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அண்ணிக்குக் காட்டினாள்.

“நம்ம வீட்டுக் கதவுங்க அண்ணி. எல்லாம் பூட்டியிருக்கு. என்னைத் தவிர யாரும் பாக்க முடியாது. யாரும் பாக்க மாட்டாங்க. நானே சோதிச்சுட்டேன்.”

சொல்லும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி விடைத்தாள் திருத்துகிற பொறுமையோடு பட்டியலைக் கடைசி வரிவரை பார்த்தார்.

“நூத்துக்கு நூறு. இன்ஜினியரம்மா சொன்னா சரி. மாட்டிக்கோ.”

இன்னும் ஒன்றும் இருந்தது. நினைக்க வேண்டாம் என்று தள்ளத் தள்ள அது வந்து நின்றது. முதலில் சில நாள், உடம்பு துடைக்கும் நேரத்தில் நர்ஸம்மா கேமராமேல் ஒரு துண்டைப் போட்டுவைத்தாள். ஒருநாள் எடுக்க மறந்துபோனாள். அலுவலகத்தில் இருட்டுத் திரையைப் பார்த்த இவளுக்குப் பாதி உயிர் போய், போட்டது போட்டபடி ஓடிவந்தாள். அண்ணி கட்டிலில் சாய்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் இவள் சொன்னாள், துண்டு வேண்டாம் என்று. அந்த நேரத்தில் தான் பார்க்கப்போவதில்லை, வேறு யாராலும் முடியாது, பின் எதற்கு?

சாவித்துளையில் கைக்குட்டை தினமும் ஏறியது. துண்டு நின்றுபோயிற்று.

கை நடுங்காமல் விதியை அழித்தாள். கை நடுங்காததும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மறுபடி சோதித்தாள். மேலிருந்து கீழ்வரை பச்சை. இந்தத் தடவை தன் வீட்டுக் கதவுகள்தான். ஊர்ப் பூட்டையெல்லாம் சரிபார்க்கிறவள், கூலி வாங்குகிறவள், தன் வீட்டுப் பெண்ணைத் தெருவில் உட்காரவைத்திருக்கிறாள். இதை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வார்த்தை கொஞ்சம் அழகாக வந்துவிட்டதுபோல் இருந்தது. அதுவும் பிடிக்காமல் எழுந்தாள்.

அண்ணியின் அறையில் சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. நர்ஸம்மா அப்போதுதான் கிளம்பியிருந்தாள். கதவைத் திறந்தபோது கைக்குட்டை சாவித்துளையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

“என்ன இன்ஜினியரம்மா, வேலை நேரத்துல இந்தப் பக்கம்? கம்பெனியை மூடிட்டாங்களா?”

கேமராவைத் துடைக்க வேண்டும் என்று இவள் சொன்னாள். பொய் தானாக வந்தது. நாற்காலியைப் போட்டு ஏறினாள். கேமராவின் கண், தான் முதல் நாள் திருப்பிவைத்த கட்டில் பக்கம் இல்லை. ஜன்னலோரம், அண்ணியை உட்காரவைத்து நர்ஸம்மா துடைக்கிற முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அது கிளி மாதிரி தலையைத் திருப்புதும்மா, நான் சொன்னேன்ல,” என்றார் அண்ணி.

சொன்னார்தான். இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். நடமாட்டம் தெரிந்தால் அது தானாகத் திரும்பும், அது அதன் குணம் என்று இவள் விளக்கம் கொடுத்திருந்தாள். அந்த வசதி அந்தக் கேமராவில் உண்டு. அதைத் தான் போட்டுவைத்தோமா இல்லையா என்று நாற்காலிமேல் நின்றபடி யோசித்துப் பார்த்தாள். நினைவில்லை. யார் வந்தார்கள் போனார்கள் என்று குறித்துவைக்கிற கேமரா இல்லை அது, மலிவான சாமான். யாராவது திருப்பியிருக்கலாம். யாருமே திருப்பாமலும் இருக்கலாம். ஒயரைப் பிடுங்கி, கேமராவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அதன் கண்ணைத் தன் உடம்புப் பக்கம் திருப்பிப் பிடித்திருப்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தாள்.

கணவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். மத்தியானம் சாப்பிட வந்தவனிடம், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அவனுக்குப் போர்ட்டும் புரியாது, ஃபயர்வாலும் புரியாது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அக்காவின் அறைக்குள் பார்த்திருக்க முடியும் என்றதும் புரிந்தது. புதிதாக ஓட்டுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் வலது கால் தரையை அழுத்தும், அங்கே பிரேக் இருப்பதுபோல. இப்போதும் அழுத்தியது. முகத்தில் ஈயாடவில்லை.

கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இப்போது மூடியாயிற்றா என்று கேட்டான். மூடியாயிற்று என்றாள். நிச்சயமா என்றான். அவளால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

“அப்ப இதோட விட்டுடு. அக்காவுக்குத் தெரியவேணாம்.”

“அவங்களைப் பத்தின விஷயம். அவங்ககிட்ட சொல்லாம எப்படிங்க?”

“சொல்லி? பாத்தவன் கண்ணைப் பிடுங்கிட்டு வரப்போறியா? அவ சோறு தண்ணி இறக்க மாட்டா. நர்ஸம்மாவைக்கூடத் தொட விட மாட்டா. உனக்கு மனசு பாரம்னா என் தலைல வை, தாங்கிக்கறேன். அவ தலைல இறக்காத.”

அவன் சாப்பிடாமலே கிளம்பிப் போனான். போகிற வழியில் அக்காவின் அறை வாசலில் நின்று, வழக்கம்போல, பாஸா ஃபெயிலா என்று கேட்டான். இன்றைக்குச் சுவரைப் பிடிக்காமல் ஜன்னல்வரை நடந்தேன், ஜஸ்ட் பாஸ் என்று அண்ணி பதில் சொன்னார். அவன் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தான் என்று இவளுக்குத் தெரியவில்லை.

அவன் சொன்னதில் ஒரு முள் இருந்தது. அது சரியான இடத்தில்தான் தைத்தது. தான் சொல்ல நினைப்பது அண்ணிக்காகவா, தனக்காகவா? திட்டு வாங்கி, அழுது, மூக்கைச் சிந்திவிட்டு இலேசாகிப் போகிற ஆசையா? அதுவும் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஆனால் சொல்லாமல் இருக்கிற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. நாளைக்கும் நாளன்றைக்கும் அண்ணி இன்ஜினியரம்மா என்று கூப்பிட வேண்டும், தான் என்ன அண்ணி என்று போய் நிற்க வேண்டும். அந்த ஆசைக்குத்தான் கணவனின் வார்த்தை குடை பிடித்தது.

சாயங்காலத்துக்குள் ஒன்று மட்டும் செய்தாள். கண்ணாடிக்குச் சிவப்பு வந்த முதல் படத்தையே அனுப்பி, என் வீடு, முன்பு கம்பெனிப் பாதையில் இருந்தபடி சோதித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினாள். அவர் வெகு நேரம் கழித்து, ‘சரி, மூடியாச்சா’ என்று மட்டும் கேட்டிருந்தார். கேலி ஒன்றும் செய்யவில்லை. அது சுலபமாகவே முடிந்துவிட்டது. சுலபமானதை முதலில் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் டீ எடுத்துக்கொண்டு போனாள். அண்ணி தலை வாரி முடிந்து, போர்வையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கிளியை மாட்டிடும்மா. அது இல்லாம என்னமோ மாதிரி இருக்கு. முன்னாடி இருந்தா பிடிக்கல, இப்ப இல்லன்னா பயமா இருக்கு. மனுஷ புத்தியைப் பாரு.”

இவள் டீயை வைத்துவிட்டு, கட்டிலில் உட்காராமல் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். கதவு, பாதிச் செய்தி, அடுத்த வீட்டுக் கதவை ஆட்டிப் பார்த்தது, துண்டை எடுக்கச் சொன்னது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. மன்னிப்பு கேட்க வாய்வரை வந்ததை மட்டும் விழுங்கிக்கொண்டாள். கேட்டால் அண்ணி ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்; அந்த வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று இருந்தது.

அண்ணி அழவில்லை. டீச்சர் கேட்பதுபோல் கேள்வி கேட்டார். எந்த நாளிலிருந்து? முதல் நாளிலிருந்தே. இப்போது மூடியாயிற்றா? ஆயிற்று. தம்பிக்குத் தெரியுமா? தெரியும். இதற்கு மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே ஒரு கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அறையில் புழுக்கமாக இருந்தது. டீயில் ஆடை கட்டத் தொடங்கியது.

“அது திரும்பினது?”

“தானா திரும்பியிருக்கலாம் அண்ணி.”

“இருக்கலாம்.”

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு அண்ணி கண்ணைத் திறந்தார். குரலில் டீச்சர் இல்லை. இவள் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல்.

“யாரு மெனக்கெட்டு வந்து ஒரு நொண்டிக் கிழவியைப் பாக்கப் போறான்? கோடிக் கதவு இருக்கற உலகத்துல.”

இவள் முக்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீ அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னியே. யாரும் பாக்க மாட்டாங்கன்னு. அதே மாதிரி இன்னொரு தரம் சொல்லு. யாரும் பாக்கலன்னு. நீ சொன்னா நான் நம்பிடுவேன். நிசமா நம்பிடுவேன். அதோட இந்தப் பேச்சை விட்டுடலாம்.”

போர்வைக்கு வெளியே கை நீண்டது. சாக்பீஸ் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப்போன கை. பிடித்துக்கொள்ளச் சொல்லி, உள்ளங்கை மேலே பார்த்தபடி கிடந்தது.

இரண்டே வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக இருந்தன. சொன்னால் அண்ணி தூங்குவார். கணவன் இரவு வந்து மூச்சு விடுவான். அலமாரிமேல் கிளி திரும்ப வந்து உட்காரும். அன்றைக்கு அதைச் சொன்னபோதும் இவ்வளவு சுலபமாகத்தான் வந்தது. அன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

கையைப் பிடித்துக்கொண்டாள். கூச்சமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

“அது மட்டும் வேணாம் அண்ணி,” என்றாள். “எனக்குத் தெரியாது.”